வாடகை வாங்காத மாய விடுதி

அன்புள்ள சுமதிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமரையின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய புத்தகம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் அன்றைக்கே உனக்கு நன்றி சொல்லிவிட்டாள். "நீயும் படித்துவிட்டு எழுது" என்று நீ கேட்டிருந்ததற்குத்தான் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். பரிசாக வந்ததைக் குறை சொல்வதா என்ற தயக்கம் ஒருபுறம். ஓர் இளையோர் நாவல் மீது எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்பது எனக்கே விளங்காதது மறுபுறம். பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே என்பாய். முடியவில்லை. ஆகவே இந்தக் கடிதம் நீளும். பிரபாவுக்கு நீ எழுதிய கடிதங்களைப் பார்த்தவள் நான் என்பதால், நீளத்தைப் பற்றி உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நீ அட்டையைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பாய். கருநீலத்தில் பொன்னெழுத்துகள், நடுவில் ஒரு பழைய சாவி, சாவியின் வளையத்துக்குள் நட்சத்திரங்கள். அட்டை அழகாக இருந்தால் உள்ளே மோசமாக இருக்காது என்பது கல்லூரிக் காலத்திலிருந்தே உன் சித்தாந்தம், அதனால் நாம் இருவரும் பட்டது கொஞ்சமா? ஆனாலும் இந்த முறை உன்னை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை, ஏனென்றால் பின்னட்டையில் இருந்த கதைச் சுருக்கத்தைப் படித்தவுடன் நானும் அதே குழியில்தான் விழுந்தேன்.

நீ படித்திருக்க மாட்டாய் என்ற துணிவில் கதையைச் சொல்லிவிடுகிறேன். மாய விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே தங்குகிறவர்கள் பணம் தருவதில்லை. ஓர் இரவுக்கு ஒரு நினைவைக் கொடுக்க வேண்டும். பதிலுக்குத் தீராத நோய் தீரும், தாங்க முடியாத துக்கம் தணியும். காணாமல் போன அண்ணனைத் தேடி 17 வயதுப் பெண் ஒருத்தி அங்கே பணிப்பெண்ணாகச் சேர்கிறாள். அண்ணனும் அங்கேதான் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறான், ஆனால் தங்கையை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இவ்வளவும் முதல் 50 பக்கங்களுக்குள் நடந்துவிடுகிறது. அந்த 50 பக்கங்களைப் படித்த இரவில் உனக்கு ஃபோன் செய்து பாராட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

அந்தப் பக்கங்களிலேயே ஒரு காட்சி இருக்கிறது. மூதாட்டி ஒருவர் வரவேற்பு மேசைக்கு வருகிறார். திருமணமான புதிதில் தம் கணவர் முதன்முறையாகச் சமைத்து எல்லாவற்றையும் தீய்த்துவிட்ட இரவின் நினைவை வாடகையாகத் தருவதாகச் சொல்கிறார். எழுத்தர் அதைப் பித்தளைத் தராசில் வைக்கிறார், தட்டு இறங்கவில்லை. "இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். "எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேனே." "அதுதான் தேய்ந்துவிட்டது அம்மா. யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தால் பாருங்கள்." அந்த அம்மாள் கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, நெடுநேரம் நின்று, பிறகு குனிந்து எழுத்தரின் காதில் ஏதோ சொல்கிறார். தட்டு மேசையில் இடிக்கும் சத்தம் கேட்கிறது. என்ன சொன்னார் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. சாவியை வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போய்விடுகிறார். கையுறைகள் மேசையிலேயே கிடக்கின்றன.

இப்படி எழுதத் தெரிந்தவர்தான் மீதி 350 பக்கங்களையும் எழுதினார் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. சொல்லச் சொல்ல நினைவு எடை குறையும், ஒளித்து வைத்த நினைவுக்கே மதிப்பு அதிகம் என்று ஒரு விதி கையில் கிடைத்துவிட்டதே, அதிலிருந்து எத்தனை கதைகள் பிறந்திருக்க வேண்டும்! ரகசியமே இல்லாத வெள்ளை மனத்தவர்கள் அந்த விடுதியில் பரம ஏழைகள் ஆகியிருப்பார்கள். குற்றம் செய்து மறைத்தவன் பெரும் செல்வந்தனாக மாடி அறையில் மாதக்கணக்கில் தங்கியிருப்பான். அண்ணனைப் பற்றிப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிப் புலம்பும் நம் கதாநாயகி, ஒவ்வொரு புலம்பலிலும் அவனை மீட்பதற்கான மூலதனத்தைத் தானே கரைத்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தராசு மறுபடி கதைக்குள் வருவதே இல்லை. அந்த மூதாட்டியும் வருவதில்லை.

விடுதியைப் பற்றி எழுதுகிறவர் ஒரு விடுதியில் என்ன நடக்கும் என்று ஒருவரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா? நம் மோகனிடம் கேட்டிருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பான். ஹோட்டலில் இரவுப் பணியில் இருந்த நாட்களில் நள்ளிரவுக்குப் பிறகு அவன் செய்த வேலை உனக்கு நினைவிருக்கும். அன்றைய கணக்கை மூடி, நிரம்பிய ஒவ்வோர் அறையின் பெயரிலும் அந்த இரவின் வாடகையையும் வரியையும் ஏற்றி, எல்லாம் நேராகிறதா என்று சரிபார்த்த பிறகுதான் ஹோட்டலைப் பொறுத்தவரை மறுநாள் பிறக்கும். நினைவுகளை வாடகையாக வாங்கும் விடுதியில் அந்த வேளை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். எல்லோரும் உறங்குகிறார்கள், கீழே ஒருவர் பேரேட்டைத் திறந்து அறை அறையாகப் பற்று எழுதுகிறார், மேலே ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவருக்கு ஒன்று மறந்து போகிறது. இது நாவலில் எங்கேயும் இல்லை. வாடகை எப்போது பிடிக்கப்படும், எவ்வளவு பிடிக்கப்படும், கொடுக்க எதுவும் மிஞ்சாதவரை என்ன செய்வார்கள் என்ற கேள்விகளுக்கு ஆசிரியரிடம் பதிலே இல்லை. தேவைப்பட்ட அத்தியாயத்தில் விடுதி கறாராக வசூலிக்கிறது, தேவைப்படாத அத்தியாயத்தில் எல்லோரும் விருந்தினர்களைப் போல இலவசமாகத் திரிகிறார்கள்.

பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் 2007இல் ஒரு கட்டுரை எழுதினார். மாயத்தைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டுமானால், அந்த மாயம் எப்படி இயங்குகிறது என்பதை வாசகர் எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறாரோ அந்த அளவுக்குத்தான் தீர்வு எடுபடும் என்பது அதன் சாரம். நம் கணக்கு வாத்தியார் "விடை இருக்கட்டும், படி எங்கே?" என்று தாளைத் திருப்பி வீசுவாரே, கிட்டத்தட்ட அதேதான். இந்த நாவலில் விடைகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. கதாநாயகி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவளுக்குள் உறங்கிக்கிடந்த ஏதோ ஒரு சக்தி விழிக்கிறது. கடைசிவரை அது முழுதாக விழித்து முடியவில்லை என்பதால் இரண்டாம் பாகத்துக்கும் மிச்சம் இருக்கிறது.

வாத்தியாரை நினைத்ததும் ஹில்பர்ட்டின் ஹோட்டலும் நினைவுக்கு வந்துவிட்டது. டேவிட் ஹில்பர்ட் என்ற ஜெர்மன் கணித மேதை 1924இல் ஒரு விரிவுரையில் சொன்ன கற்பனை அது: முடிவில்லாத அறைகள் உள்ள விடுதி, எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன, புதிதாக ஒருவர் வருகிறார். 1ஆம் அறைக்காரரை 2க்கும், 2ஆம் அறைக்காரரை 3க்கும் என்று எல்லோரையும் ஓர் அறை தள்ளிப் போகச் சொன்னால் 1ஆம் அறை காலியாகிவிடும். முடிவில்லாத கூட்டமே வந்தாலும், இருப்பவர்களைத் தத்தம் அறை எண்ணின் இருமடங்கு எண்ணுள்ள அறைக்கு அனுப்பினால் ஒற்றைப்படை அறைகள் எல்லாம் காலி. வாத்தியார் இதைக் கரும்பலகையில் போட்ட அன்று, "பாதி ராத்திரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை சார் அறை மாறுவது?" என்று நீ கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாய். நான் அறிந்த மாய விடுதிகளில் இன்றைக்கும் அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் மந்திரக்கோலும் இல்லை, வானவில் நிறத்தில் மாறும் சுவர்த்திரையும் இல்லை. ஒரே ஒரு விதி இருக்கிறது, அந்த விதியை யாருக்காகவும் தளர்த்தாததால்தான் தலை சுற்றுகிறது.

அட்டையில் இருக்கும் சாவிக்கு வருகிறேன். தங்குகிறவருக்குத் தனி அறை, அந்த அறைக்குத் தனிப் பூட்டு, அதன் சாவி அவர் கையில் என்பதே ஒரு காலத்தில் அதிசயமாக இருந்தது. பழைய சத்திரங்களில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில், சில வேளை ஒரே படுக்கையில்கூட, படுக்க வேண்டியிருந்தது. பாஸ்டன் நகரில் 1829இல் திறந்த டிரெமான்ட் ஹவுஸ் என்ற விடுதி பூட்டுள்ள தனி அறைகளையும், கட்டடத்துக்குள்ளேயே தண்ணீர்க் குழாய்களையும், அறைக்குள் சோப்பையும் வைத்து எல்லோரையும் வியக்க வைத்தது. பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கதவு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தங்கைகளோடு அறையைப் பகிர்ந்து வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 15 வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய மாயம் வேறு உண்டா? ஆனால் இந்த விடுதியில் கதாநாயகி கை வைத்தால் எந்தக் கதவும் திறந்துகொள்கிறது. ஏறக்குறைய ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கதவு திறப்பதோடு முடிகிறது. எதுவும் பூட்டியிராத கட்டடத்தில் கதவு திறப்பதைக் கண்டு நான் எதற்காகப் பதற வேண்டும்?

அவள் பணிப்பெண் என்றேன் அல்லவா? நாவல் முழுவதிலும் அவள் ஒரு படுக்கையைக்கூட விரிக்கவில்லை. பெரிய விடுதிகளில் ஒருவருக்கு ஒரு பணிநேரத்தில் பன்னிரண்டு முதல் பதினாறு அறைகள்வரை வந்து விழும் என்று மோகன் சொல்வான். முதலில் பழைய விரிப்புகளை உருவ வேண்டும், குளியலறையை முடிக்க வேண்டும், தூசு தட்ட வேண்டும், தரையைக் கடைசியாக மூலையிலிருந்து வாசலை நோக்கிச் சுத்தம் செய்துகொண்டே வெளியேற வேண்டும். அறையைச் சுத்தம் செய்கிறவர்களுக்குத் தெரியாத ரகசியம் அந்தக் கட்டடத்தில் இருக்காது: தலையணையின் ஈரம், கிழித்துப் போட்ட கடிதம், தொடாமல் திரும்பும் சாப்பாட்டுத் தட்டு. துப்பறிய வந்த பெண்ணுக்கு இதைவிட வசதியான வேலை அமையுமா? நம் கதாநாயகியோ தரைவிரிப்பைத் தட்ட வேண்டிய நேரத்தில் லிஃப்ட் இயக்கும் இளைஞனின் சாம்பல் நிறக் கண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் வரும்போதெல்லாம் லிஃப்டின் விளக்கு மங்கி மங்கி எரிகிறது; யாராவது ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தால் நூறு பக்கம் மிச்சமாகியிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல்தான். கோபம் வேறிடத்தில் வந்தது, அதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விடுதியில் பல ஆண்டுகள் தங்கியவர்களைப் பற்றிய அத்தியாயத்தில், அவர்களுக்கு முதலில் குழந்தைப்பருவம் மறக்கிறது, பிறகு இளமை, கடைசியாக நேற்று. அண்ணனுக்குப் பெட்டியைத் தூக்கும் முறைகூட மறந்துபோய்க் கைகள் தடுமாறுகின்றன. அதைப் படித்தபோது உன் அம்மாவின் முகம் வந்து நின்றது. அம்மா உன்னைச் "சின்னக்கா" என்று கூப்பிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நேற்றைய மகளைத் தொலைத்துவிட்டு, எழுபது வருடத்துக்கு முந்தைய அக்காவைப் பத்திரமாக வைத்திருக்கிறார். நினைவு அழியும்போது அண்மையில் சேர்ந்தவையே முதலில் போகும், பழையவை நீண்டநாள் தாக்குப்பிடிக்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோடுல் ரிபோ 1881இலேயே எழுதிவைத்தார். கை பழகிய வேலையோ அதற்கும் பிறகுகூட நிற்கும். ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953இல் நடந்த மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் மனத்தில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறியது. பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை; ஆனால் கை கற்றுக்கொண்டது. பிரெண்டா மில்னர் என்ற நரம்பு உளவியலாளர் இதைக் கண்டறிந்து சொன்ன பிறகுதான் நினைவு ஒரே பெட்டகத்தில் இருப்பதில்லை என்பது மருத்துவ உலகத்துக்கு உறைத்தது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே உன் வீட்டில் பார்த்துவிட்டேன். நான் வந்திருந்தபோது அம்மா என்னை யார் என்று கேட்டார். சற்று நேரத்தில் கொடியிலிருந்து எடுத்த போர்வையின் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்து, மற்ற இரண்டைத் தாம் பிடித்துக்கொண்டு, உதறி, இழுத்து, பாதியாக மடித்தார். விளிம்போடு விளிம்பு பொருந்தவில்லை என்று என்னை அதட்டி, மறுபடி விரித்து மடிக்கச் செய்தார். நீ அடுக்களையில் இருந்தாய். அவர் அதட்டிய குரல் நம் பள்ளி நாட்களில் கேட்ட அதே குரல்.

மாய விடுதி நம் மருத்துவத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை, அதில் எனக்கு வழக்கு இல்லை. குழந்தைப்பருவம் முதலில் போகும் என்பதே அந்த உலகத்தின் விதி என்றால் போகட்டும். அப்படிப் போனவர் எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார், எதைக் கண்டு பயப்படுவார் என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும். இவர் எழுதியது இதுதான்: கடைசி அத்தியாயத்தில் வில்லன் நின்ற இடத்தில் ஏழு பக்கம் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி முடிக்கிறான், கதாநாயகி நினைவுகள் அடைத்துவைத்த கண்ணாடிக் குடுவைகளை உடைக்கிறாள், ஒளிப்பூச்சிகள் பறந்து போய் அவரவர் நெற்றியில் உட்காருகின்றன, எல்லோருக்கும் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. அண்ணன் தங்கையின் பெயரைச் சொல்கிறான். நினைவைக் கொடுத்து நோயைத் தீர்த்துக்கொண்டவருக்கு நோயும் திரும்பியதா? துக்கத்தை இறக்கிவைக்க வந்தவர் அதை மறுபடி சுமந்துகொண்டு போனாரா? அந்த மூதாட்டி காதோடு சொன்னது அவரிடமே போய்ச் சேர்ந்ததா, அதை அவர் விரும்பினாரா? எதற்கும் பதில் கிடையாது. 400 பக்கம் வாடகை வாடகை என்று மிரட்டிவிட்டுக் கடைசியில் எல்லாருடைய பில்லையும் கிழித்துப் போட்டுவிட்டார். அந்த இடத்தில்தான் புத்தகத்தை மேசைமேல் ஓங்கி வைத்தேன், சுமதி. திரும்பி வராத ஒன்றை நீ தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதை ஒரு பூச்சி வந்து நெற்றியில் உட்கார்ந்து சரிசெய்துவிட்டது என்று ஒருவர் எழுதினால் எனக்கு ஆறுதலாக இல்லை, அவமானமாக இருந்தது.

இளம் பிள்ளைகளுக்கான கதைதானே, கொஞ்சம் இதமாக முடிந்தால் என்ன என்று நீ கேட்பாய். லீலா டீச்சரும் அப்படித்தான் கேட்பார். எஸ்.இ. ஹின்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் தம் 15 வயதில் எழுதத் தொடங்கி 1967இல், 18 வயதில், வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்' நாவலில் பிள்ளைகள் சாகிறார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வருவதில்லை. அதை இன்றுவரை அந்த வயதுப் பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதத்தைக் கேட்பது பெரும்பாலும் நாம்தான். என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. தாமரை புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்தாள், நடுவில் அழுதாள், அந்த லிஃப்ட் பையனை அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது (அதைப் பற்றி நான் பேசக் கூடாது என்று உத்தரவு). முடிவைப் பற்றிக் கேட்டபோது, "எல்லாம் திரும்ப வருமென்றால் நான் எதற்கம்மா அழுதேன்?" என்றாள். என் இத்தனை பக்கத்தையும் அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

இருந்தும் அவள் முதல் பாதியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். அந்த மூதாட்டி என்ன சொல்லியிருப்பார் என்பதற்குத் தானே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். எனக்குக் காட்ட மறுக்கிறாள், காட்டினால் எடை குறைந்துவிடுமாம். ஆக, உன் பரிசு முழுதாக வீண் என்றும் சொல்லிவிட முடியாது, அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது.

இரண்டாம் பாகம் வந்ததும் அனுப்புவதாக அவளிடம் சொல்லியிருக்கிறாயாம். அனுப்பு, நான் தடுத்தால் உங்கள் இருவரிடமும் தப்ப முடியாது. ஆனால் இந்த முறை அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தை முதலில் நீ படி. அந்த அம்மாள் வருகிறாரா என்று மட்டும் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதிவிடு. மோகனைப் பார்த்தால் நான் அவன் பேச்சை இவ்வளவு காலம் கழித்து மேற்கோள் காட்டியதைச் சொல், ஒரு மாதத்துக்குத் தலை நிமிர்ந்து நடப்பான். அம்மாவுக்கு என் வணக்கம். யார் என்று கேட்டால், போர்வையைக் கோணலாக மடித்தவள் என்று சொல்.

என்றும் அன்புடன்,
கோமதி